வெயில் ஏறும் முன்: மாடித்தோட்டத்து இலைகளைப் பறித்துப் பக்குவப்படுத்தும் முழுமையான வழிகாட்டி

மாசி பாதி கடந்ததும் கொத்தமல்லிச் செடியின் இலை மாறிவிடும். அகலமாக விரிந்திருந்த இலை சோம்புத் தழை மாதிரி இழை இழையாகப் பிரியும். நடுவிலிருந்து ஒரு தண்டு விறுவிறுவென்று எழும்பும். அப்புறம் பூ வர அதிக நாளாகாது. அதே சமயத்தில் புதினாவின் நுனி கருகும், முடக்கத்தான் கொடி மஞ்சளாகிக் காய் மட்டும் மிஞ்சும், தூதுவளை இலையை உதிர்த்துவிட்டு முள்ளும் தண்டுமாக நிற்கும். குளிர் நாடுகளில் உறைபனி வந்து தோட்டத்தை முடித்துவைக்கிறது. நம் ஊரில் வெயில் முடித்துவைக்கிறது. ஐப்பசி மழையில் விதைத்து, மார்கழி, தை இரண்டு மாதமும் அள்ளி அள்ளிப் பறித்த தழையெல்லாம் பங்குனிக்குள் போய்விடும்.

அதனால் மாசி பிறந்ததுமே நான் பறிக்கத் தொடங்கிவிடுவேன். சென்னையில், மொட்டைமாடியில் வைத்திருக்கும் முப்பது சொச்சம் தொட்டிகளிலிருந்து ஓர் ஆண்டுக்கான புதினாப் பொடியும் தூதுவளைப் பொடியும் எங்கள் வீட்டுக்குக் கிடைத்துவிடுகின்றன. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வடாமும் வத்தலும் போடுகிற காலம் என்பதால் இலையையும் அதே வெயிலில் பரப்புகிறவர்கள் நிறையப் பேர். அது வேண்டாம். வடாமுக்கு ஈரம் போனால் போதும். இலைக்கு ஈரம் போக வேண்டும், வாசனை போகக்கூடாது. இலையின் வாசனை என்பது அதற்குள் இருக்கும் எண்ணெய். அந்த எண்ணெய் சூட்டில் ஆவியாகிப் பறந்துவிடும், வெளிச்சத்தில் பச்சை நிறமும் வெளுத்துவிடும். பங்குனி வெயிலில் தளத்தில் ஒரு மதியம் கிடந்த புதினா பார்க்கக் காய்ந்துதான் இருக்கும், கசக்கி முகர்ந்தால் வைக்கோல் வாசனைதான் வரும்.

எந்த இலைக்கு எந்த வழி

எல்லா இலைக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. எந்த இலை காய்ந்த பிறகும் தன் வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், எது விட்டுவிடும் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

புதினா, துளசி, எலுமிச்சைப்புல் மூன்றும் நன்றாகக் காயும், வாசனையும் பெரும்பாலும் தங்கும். முருங்கைக்கீரை, முடக்கத்தான், தூதுவளை ஆகியவற்றை நாம் வாசனைக்காகச் சேர்ப்பதில்லை, அதனால் காயவைத்துப் பொடியாக்குவதில் இழப்பு குறைவு. கறிவேப்பிலை நடுவாந்திரம். பொடிக்குக் காயவைக்கலாம், ஆனால் தாளிப்புக்குக் காய்ந்த இலை ஈடாகாது, அதற்கு ஃபிரீசர்தான் சரி.

கொத்தமல்லித் தழையை மட்டும் தயவுசெய்து காயவைக்காதீர்கள். அதன் மணத்துக்குக் காரணமான ஆல்டிஹைடு என்ற வகைப் பொருள்கள் மிக எளிதில் பறந்துவிடுகிறவை. எவ்வளவு பக்குவமாக நிழலில் உலர்த்தினாலும் கடைசியில் கையில் நிற்பது பச்சைத் தூள்தான். அதை உறையவைக்கலாம், தொக்காக்கலாம், இல்லையென்றால் செடியை முற்றவிட்டு விதை எடுக்கலாம்.

கற்பூரவல்லியும் காய்வதற்கு ஒத்துவராது. இலை சதைப்பற்றானது, உள்ளே தண்ணீர் அதிகம், காய்வதற்குள் கருத்து அழுகத் தொடங்கும். அதைப் பறித்துச் சேமிப்பதை விடச் செடியாகவே காப்பாற்றுவது சுலபம். விரல் நீளத்துக்கு நாலு நுனிகளைக் கிள்ளி, கீழ் இலைகளை நீக்கிவிட்டு, புதுத் தொட்டியில் ஊன்றி நிழலில் வைத்துவிடுங்கள். தண்ணீர் கொஞ்சமாக விட்டால் போதும், கோடையைத் தாண்டிவிடும்.

பறிக்கும் நேரம்

பூ வருவதற்கு முன்னால் பறிக்க வேண்டும். பூக்கத் தொடங்கிய செடி தன் சத்தையெல்லாம் மேலே அனுப்பிவிடும், இலை சிறுத்துக் கசக்கும். துளசியில் கதிர் தலைகாட்டியதும் கிள்ளிவிட்டால் இன்னும் மூன்று நாலு வாரம் நல்ல இலை கிடைக்கும்.

பறிப்பதற்கு முந்தின நாள் மாலையில் பூவாளியால் செடியின் மேலேயே தண்ணீர் ஊற்றிவிடுவேன். தூசி, பறவை எச்சம், சிலந்தி வலை எல்லாம் அப்போதே இறங்கிவிடும். மறுநாள் காலை பனி காய்ந்ததும், வெயில் உறைக்கும் முன், ஏழரையிலிருந்து எட்டரை மணிக்குள் பறிப்பேன். அந்த நேரத்தில் இலை விறைப்பாக இருக்கும், எண்ணெயும் முழுதாக இருக்கும். வேப்பெண்ணெய்க் கரைசலோ மீன் அமிலமோ தெளித்திருந்தால் ஒரு வாரமாவது விட்டுப் பறியுங்கள், அந்த வாடை காய்ந்த இலையில் தூக்கலாகத் தெரியும்.

நல்ல இலையை மட்டும் எடுக்க வேண்டும். புள்ளி விழுந்தது, பூச்சி அரித்தது, மஞ்சள் பாய்ந்தது எல்லாம் உரக்குழிக்கு. ஒரு கெட்ட இலை பாட்டிலுக்குள் என்ன செய்யும் என்பதை நான் அனுபவித்தே கற்றுக்கொண்டேன்.

நிழலில் உலர்த்தும் முறை

பறித்த இலையை அகலமான பாத்திரத்தில் தண்ணீர் விட்டு அலசுங்கள். குழாய்க்கு அடியில் காட்டாதீர்கள், மெல்லிய இலைகள் நசுங்கிப் பிறகு அந்த இடம் கருக்கும். மண் அடியில் தங்க, இலையை மேலாக அள்ளி எடுத்து வடிதட்டில் போடுங்கள். தண்ணீர் தெளிவாகும்வரை இரண்டு மூன்று முறை.

அப்புறம் துவட்டுவது. பழைய பருத்தி வேட்டியை விரித்து, இலையைப் பரப்பி, மேலே இன்னொரு துணியை மூடி மெல்ல ஒற்றி எடுங்கள். இலையின் மேல் ஒரு சொட்டு நீர் நின்றாலும் அடுத்த படிக்குப் போகக்கூடாது. ஃபேன் காற்றில் ஒரு மணி நேரம் விட்டாலும் நல்லது.

இப்போது காம்பிலிருந்து இலையைப் பிரிக்க வேண்டும். புதினாவில் தண்டு இலையைவிட மெதுவாகக் காயும். இலை சருகாகியிருக்கும்போது தண்டுக்குள் ஈரம் ஒளிந்திருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் புதினாவைத் தண்டோடு காயவைத்தேன். மூன்றாம் நாள் இலையைத் தொட்டுப் பார்த்தேன், நொறுங்கியது, சரி என்று பாட்டிலில் அடைத்துவிட்டேன். சித்திரையில் திறந்தபோது உள்ளே சாம்பல் நிறத்தில் பூஞ்சை நூல் ஓடியிருந்தது. ஒரு பருவத்துப் புதினா மொத்தமும் குப்பைக்குப் போனது. அன்றிலிருந்து இலையை உருவிய பிறகுதான் பரப்புகிறேன், தண்டு தனியாக ரசத்துக்குப் போகிறது.

பிரம்புத் தட்டிலோ முறத்திலோ வெள்ளைத் துணி விரித்து, ஓர் இலை மேல் இன்னோர் இலை படாமல் பரப்புங்கள். அடியிலிருந்தும் காற்று வர வேண்டும் என்பதால் தட்டை இரண்டு செங்கல் மேல் தூக்கி வைப்பது நல்லது. எவர்சில்வர் தட்டு வேண்டாம், அடியில் வியர்த்துவிடும். செய்தித்தாளும் வேண்டாம், அச்சு மை இலையில் ஏறும். வெயில் நேராக விழாத, ஆனால் காற்று நன்றாக ஓடுகிற இடமாகப் பாருங்கள். எங்கள் வீட்டில் அது மாடிப்படி முடிகிற இடம். அடுக்களையில் வைக்காதீர்கள், தாளிப்புப் புகையும் குக்கர் ஆவியும் இலைக்குள் ஏறும். ஒரு நாளைக்கு இரண்டு முறை மெல்லப் புரட்டிவிட வேண்டும்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஒரு முக்கியமான சங்கதி. பகலில் காய்ந்த இலை இரவில் காற்றின் ஈரத்தைத் திரும்பக் குடித்துவிடும். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ தூத்துக்குடியிலோ இருக்கிறவர்கள் பொழுது சாய்ந்ததும் தட்டைத் துணியால் மூடி, கதவடைத்த அறைக்குள் கொண்டுபோய்விட வேண்டும். கோயம்புத்தூர், சேலம் பக்கம் இந்தத் தொல்லை குறைவு. அங்கே மூன்று நாளில் காய்கிற புதினா எங்களுக்கு ஐந்து நாள் எடுக்கும்.

காய்ந்துவிட்டதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கையில் எடுத்துக் கசக்குங்கள். சலசலவென்று சத்தம் வந்து பொடிப்பொடியாக நொறுங்க வேண்டும். தோல் மாதிரி வளைந்து கொடுத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஐந்தாம் நாளும் வளைகிறது என்றால், இரும்புச் சட்டியைச் சூடாக்கி, அடுப்பை அணைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் இலையைப் போட்டு இரண்டு நிமிடம் பிரட்டி எடுங்கள். உலர்த்தும் எந்திரம் வைத்திருப்பவர்கள் 40 டிகிரி செல்சியஸ் அளவில் வையுங்கள், அவசரப்பட்டு 60க்கு ஏற்ற வேண்டாம். மைக்ரோவேவில் செய்வதானால் கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு காகிதத் துவாலைகளுக்கு நடுவில் வைத்து முதலில் ஒரு நிமிடம், பிறகு இருபது இருபது விநாடியாக. கறிவேப்பிலைக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது, நிறம் அப்படியே நிற்கும்.

உடனே இறுக மூடி அலமாரியில் ஏற்றிவிடாதீர்கள். கண்ணாடிப் பாட்டிலில் முக்கால் அளவுக்குத் தளர்வாகப் போட்டு மூடி, ஒரு வாரம் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். தினமும் ஒருமுறை குலுக்குங்கள். கண்ணாடியின் உட்புறம் லேசாகப் பனித்தாலோ இலைகள் ஒட்டிக்கொண்டாலோ வெளியே கொட்டித் திரும்ப உலர்த்த வேண்டும். ஒரு வாரம் தாண்டிவிட்டால் பயமில்லை. இலையை முழுசாகவே வைத்திருந்து, வேண்டும்போது கையால் கசக்கிப் போடுவதுதான் வாசனைக்கு நல்லது. பொடித்து வைத்தது சீக்கிரம் வெறுமையாகிவிடும். வெளிச்சம் படாத, அடுப்புக்குப் பக்கத்தில் இல்லாத அலமாரியில், பெயரும் மாதமும் எழுதி ஒட்டி வையுங்கள். காய்ந்த பிறகு துளசியும் புதினாவும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஓர் ஆண்டுக்குள் தீர்த்துவிடுங்கள்.

அளவு பற்றி: தண்டு நீக்கிக் கிள்ளி எடுத்த புதினா இலை ஒரு கிலோவைக் காயவைத்தால் 150 கிராம் அளவுக்கு நிற்கும். சமையலில் மூன்று கரண்டி பச்சை இலை போடுகிற இடத்தில் ஒரு கரண்டி காய்ந்த இலை போதும்.

தூதுவளை, முடக்கத்தான்

இரண்டும் மழைக்காலத்துக் கொடிகள், இரண்டுக்கும் மாசியே கடைசி. தூதுவளையின் இலையிலும் முள் உண்டு. கத்தரிக்கோலால் இலையின் நடு நரம்பில் இருக்கும் முள்ளை நறுக்கிவிட்டுத்தான் பரப்ப வேண்டும், காய்ந்தபின் அது இன்னும் கூர்மையாகிவிடும். காய்ந்த இலையை மிளகு, சீரகத்தோடு பொடித்துச் சலித்து வைத்துக்கொண்டால் ரசத்தில் ஒரு தேக்கரண்டி போடலாம். முடக்கத்தான் இலை மெல்லியது, இரண்டே நாளில் காய்ந்துவிடும். பொடியைத் தோசை மாவில் கலக்க வேண்டியதுதான். கசப்பு உண்டு, நாலு தோசைக்கான மாவுக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம்.

கறிவேப்பிலை

மரமாக நிற்பது என்பதால் இதற்குப் பருவம் முடிந்துவிடுவதில்லை. ஆனாலும் மாசியில் கிளைகளை நறுக்கிக் கவாத்து செய்தால் கோடையில் தண்ணீர் விட விடத் துளிர் வெடிக்கும். கவாத்தில் விழுகிற இலையை வீணாக்க வேண்டாம்.

தாளிப்புக்கு வேண்டியதை இணுக்கோடு கழுவித் துவட்டி, தட்டில் பரப்பி ஃபிரீசரில் ஒரு மணி நேரம் வையுங்கள். இறுகியதும் காற்றில்லாமல் கவரில் போட்டு மூடிவிடுங்கள். வேண்டும்போது உருகவிடாமல் அப்படியே எண்ணெயில் போட வேண்டும். உருகினால் கருத்துத் துவண்டுவிடும். எண்ணெய் சடசடவென்று தெறிக்கும், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

மீதியை நிழலில் உலர்த்திப் பொடியாக்கலாம். அழுத்தி அளந்த இரண்டு கப் காய்ந்த இலைக்கு இரண்டு மேசைக்கரண்டி உளுந்து, ஒரு மேசைக்கரண்டி கடலைப்பருப்பு, எட்டுக் காய்ந்த மிளகாய், ஒரு தேக்கரண்டி மிளகு, நெல்லிக்காய் அளவு புளி, பெருங்காயம், உப்பு. பருப்பையும் மிளகாயையும் சிவக்க வறுத்து, புளியையும் வெறும் சட்டியில் ஈரம் போகப் பிரட்டி, ஆறியபின் இலையோடு சேர்த்து அரைக்க வேண்டும். புளியை வறுக்காமல் போட்டால் பொடி பத்தே நாளில் கட்டிதட்டிவிடும்.

வேப்பிலைக்கட்டி

மாசி, பங்குனியில் எலுமிச்சையும் நாரத்தையும் புதுத் துளிர் விடும். அந்தத் துளிருக்கு நம் முன்னோர் கண்டுபிடித்த பக்குவம் வேப்பிலைக்கட்டி. பெயரில் வேம்பு இருந்தாலும் இதில் வேப்பிலை கிடையாது. ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில், எண்ணெய்கூட இல்லாமல், இலையை மாதக்கணக்கில் வைத்திருந்த விதம் இது. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்து பார்ப்பேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

நாரத்தை இலை இரண்டு கைப்பிடி, எலுமிச்சை இலை ஒரு கைப்பிடி, கறிவேப்பிலை ஒரு கைப்பிடி. முற்றல் வேண்டாம், வெளிர்பச்சையில் பளபளவென்று இருக்கும் இளசாகப் பாருங்கள். கழுவித் துவட்டியபின் ஒவ்வோர் இலையிலும் நடு நரம்பைக் கிழித்து எடுத்துவிட வேண்டும். இதில் சோம்பல் பட்டால் உருண்டையில் நார் நாராக மாட்டும். நரம்பு நீக்கிய இலைகளை அடுக்கிச் சுருட்டி நூல் போல நறுக்கிக்கொள்ளுங்கள்.

பத்துக் காய்ந்த மிளகாயை வெறும் சட்டியில் சூடேற்றி, ஒரு தேக்கரண்டி ஓமம், சுண்டைக்காய் அளவு கட்டிப் பெருங்காயம் பொரித்தது, ஒன்றரை தேக்கரண்டி கல்லுப்பு ஆகியவற்றோடு சேர்த்து முதலில் உரலில் இடியுங்கள். பிறகு நறுக்கிய இலையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு இடிக்க வேண்டும். தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது. இடிக்க இடிக்க இலையின் சாறே கட்டியாக்கிவிடும். சில வீடுகளில் கொஞ்சம் புளியும் சேர்ப்பார்கள், நான் சேர்ப்பதில்லை. மிக்சியில் செய்வதானால் நிறுத்தி நிறுத்தி அடியுங்கள், ஓடவிட்டால் சூடேறிக் கசப்பு தூக்கும்.

நெல்லிக்காய் அளவில் உருட்டி, நிழலில் இரண்டு நாள் வைத்து மேல் ஈரம் போனதும் பாட்டிலில் போடுங்கள். உப்பும் உலர்வும்தான் இதைக் காக்கின்றன, ஆகவே உப்பைக் குறைக்க வேண்டாம். தயிர்சாதத்துக்கு ஒரு துண்டு கிள்ளி வைத்துக்கொண்டால் வேறு ஊறுகாய் வேண்டியிருக்காது.

கொத்தமல்லித் தழை

அவசரத்துக்கு ஐஸ் தட்டு போதும். தழையைப் பொடியாக நறுக்கி, ஒவ்வொரு குழியிலும் முக்கால் அளவு அழுத்தி, மேலே தண்ணீரோ எண்ணெயோ ஊற்றி உறையவைத்து, கட்டிகளைக் கவருக்கு மாற்றிவிடுங்கள். சாம்பாரிலோ ரசத்திலோ இறக்கும்போது ஒரு கட்டி. மேலே தூவி அழகு பார்க்க முடியாது, ஆனால் மணம் வரும். மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. புதினாச் சட்னியையும் தேங்காய் சேர்க்காமல் அரைத்து இப்படியே உறையவைக்கலாம்.

தொக்குக்கு: ஆய்ந்த தழை 400 கிராம், புளி 50 கிராம், காய்ந்த மிளகாய் 15, நல்லெண்ணெய் 150 மில்லி, உப்பு இரண்டு தேக்கரண்டி, வறுத்துப் பொடித்த வெந்தயம் அரைத் தேக்கரண்டி, கடுகு, பெருங்காயம், சுண்டைக்காய் அளவு வெல்லம். இளந்தண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மணம் அதில்தான் அதிகம். இரண்டு கரண்டி எண்ணெயில் மிளகாயை வறுத்து எடுத்து, அதே சட்டியில் தழையைச் சுருள வதக்கி, ஆறியதும் புளியும் உப்பும் சேர்த்துத் தண்ணீர் இல்லாமல் அரையுங்கள். மீதி எண்ணெயைக் காயவைத்துக் கடுகு, பெருங்காயம் தாளித்து, விழுதைப் போட்டுச் சிறுதீயில் இருபது நிமிடமாவது கிளறுங்கள். எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நிற்கும்போது வெந்தயப் பொடியும் வெல்லமும் போட்டு இறக்குங்கள். நன்றாக ஆறியபின் காய்ந்த பாட்டிலில் போட்டு, ஈரக் கரண்டி படாமல், ஃபிரிட்ஜில் வைத்து ஒரு மாதத்துக்குள் பயன்படுத்துங்கள்.

எண்ணெயில் இலையை ஊறவைப்பவர்களுக்கு

பச்சை இலையையோ பூண்டையோ எண்ணெயில் மூழ்கப் போட்டு ஜன்னலோரம் வைக்கும் பழக்கம் இப்போது பரவுகிறது. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆபத்து. மண்ணில் இயல்பாக இருக்கும் க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இலையில் ஒட்டியிருக்கலாம். காற்றில்லாத, புளிப்பில்லாத, ஈரமுள்ள இடம் கிடைத்தால் அது வளர்ந்து நரம்பைத் தாக்கும் கொடிய நஞ்சை உண்டாக்கும். வாசனையிலோ சுவையிலோ அது தெரியாது. ஆபத்து எண்ணெயால் அல்ல, எண்ணெய்க்குள் இருக்கும் ஈரமான இலையால்தான். தொக்கில் புளியும் உப்பும் வேகவைத்தலும் சேர்ந்து பாதுகாப்புத் தருகின்றன, அதையும் நான் ஃபிரிட்ஜில்தான் வைக்கிறேன். பச்சை இலை போட்ட எண்ணெய் என்றால் ஃபிரிட்ஜில் நான்கு நாள், அதற்கு மேல் வேண்டுமென்றால் ஃபிரீசர். தலைக்குத் தேய்க்கக் காய்ச்சும் எண்ணெய் வேறு கதை, அதில் இலையின் ஈரம் முழுக்கப் போகும்வரை காய்ச்சுகிறோம், அதைச் சாப்பிடுவதும் இல்லை.

விதைக்கு விடும் செடிகள்

எல்லாவற்றையும் பறித்துவிடாமல் ஒவ்வொன்றிலும் நல்ல செடியாக இரண்டை விட்டுவையுங்கள். திருநீற்றுப்பச்சிலையின் கதிர் காய்ந்ததும் கசக்கி ஊதினால் கறுப்பு விதை கிடைக்கும். அதுதான் சப்ஜா. கத்திரி வெயிலில் தண்ணீரில் ஊறப்போட்டுக் குடிக்கவும் ஆச்சு, அடுத்த விதைப்புக்கும் ஆச்சு. முடக்கத்தானின் காற்றடைத்த காய் பழுப்பானதும் உடைத்தால் மூன்று கறுப்பு விதைகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் இதய வடிவில் ஒரு வெள்ளைப் பொட்டு. குழந்தைகளை அழைத்துக் காட்டுங்கள்.

கொத்தமல்லிக் காய் பச்சையாக இருக்கும்போதே கொஞ்சம் பறித்துச் சட்னியில் அரைத்துப் பாருங்கள். தழைக்கும் தனியாவுக்கும் நடுவில் ஒரு மணம், கடையில் கிடைக்காது. மீதியைச் செடியிலேயே பழுப்பாக விடுங்கள். முக்கால்வாசி காய்ந்ததும், விடியற்காலை ஈரப்பதம் இருக்கும்போதே தண்டோடு அறுக்க வேண்டும், வெயில் ஏறினால் கை பட்டதும் உதிர்ந்துவிடும். அறுத்ததைத் துணிப்பைக்குள் தலைகீழாகப் போட்டு, வாயைக் கட்டி, நிழலில் பத்து நாள் தொங்கவிடுங்கள். பையை உருட்டித் தட்டினால் தனியா அடியில் சேர்ந்துவிடும், முறத்தில் புடைத்துக்கொள்ளலாம். சமையலுக்கு எடுத்ததுபோக ஒரு கைப்பிடியைக் காகிதப் பொட்டலத்தில் கட்டித் தேதி எழுதி வையுங்கள். ஐப்பசியில் எடுக்கும்போது செருப்பால் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து விதைக்க வேண்டும். ஒரு தனியாவுக்குள் இரண்டு விதை இருக்கிறது.